ஆழ்கடலின் முருகைக் குன்றுகள்: வளர்வதும் ஓய்வதும்



நோர்வே நாட்டின் திரொண்ட்ஹைம் நகரில் 18ஆம் நூற்றாண்டிலே லூத்தரன் ஆயராக இருந்தவர் யொஹான் ஏர்ன்ஸ்ட் குன்னெருஸ். இறைபணியோடு செடிகொடிகளையும் கடல்வாழ் உயிர்களையும் ஆராய்வதில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. 1760ஆம் ஆண்டில் அந்நகரில் ஓர் அறிவியற் கழகம் தோன்றுவதற்கு முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். 1768ஆம் ஆண்டில் அவர் நோர்வேக் கடலில் கிடைத்த முருகைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அக்கடலின் மீனவர்களுக்கு அவை புதியவை அல்ல. ஆழத்தில் விட்ட தூண்டில்களில் வெண்ணிறக் கிளைகள் சிக்கி மேலே வருவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருந்தார்கள். அக்கிளைகள் சிக்கும் இடத்தில் மீன் நிறைய உண்டு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முருகைக்கல் என்றதும் நமது நினைவுக்கு வருவது வெப்பமான, ஆழங்குறைந்த, தெளிந்த கடல்தான். நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களைக் கண்டவர்களும், சுண்ணாம்புச் சூளைகளைக் கண்டவர்களும் நம்மிடையே உள்ளனர். ஆனால் பனி பெய்கின்ற நாட்டில், வெயில் எட்டாத ஆழத்தில், உடலை விறைக்கச் செய்யும் குளிர்நீரில் முருகை வளர்வது எப்படி? அது வளர்வது மட்டுமன்று. கடலடியில் 100 மீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடைய குன்றுகளையும் எழுப்பியுள்ளது. அக்குன்றுகள் எவ்வாறு எழுகின்றன, ஏன் ஓய்ந்து போகின்றன, ஓய்ந்தவை மீண்டும் எழுமா என்பவற்றை இப்பாடத்தில் நோக்குவோம்.

வெயில் படாத முருகை

வெப்பக் கடல் முருகையின் உடலினுள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து முருகைக்கும் கொடுக்கின்றன. ஆகவேதான் அந்த முருகைகள் வெயில் புகும் ஆழத்துக்குள் வாழ்கின்றன.

குளிர்நீர் முருகைக்கு அத்தகைய கூட்டாளி இல்லை. அது தானே இரை பிடிக்க வேண்டும். லொபீலியா பெர்ட்டூசா எனப்படும் இனமே இவற்றுள் முக்கியமானது. அண்மைக் காலத்தில் அறிஞர்கள் இதனை டெஸ்மோபிலம் பெர்ட்டூசம் என்றும் அழைக்கின்றனர். இது பெரும்பாலும் 200 மீற்றர் முதல் 1,000 மீற்றர் வரையான ஆழத்தில், 4 முதல் 12 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையுள்ள நீரில் வாழ்கின்றது. திரொண்ட்ஹைம் நகரையடுத்த கடற்கழியில் மாத்திரம் 39 மீற்றர் ஆழத்திலேயே காணப்படுகின்றது. ஒவ்வோர் உயிரியும் விரல் நுனியளவு. அது தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பினாலான கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டுகின்றது. பக்கத்தில் அடுத்த உயிரி அரும்பி இன்னொரு கூட்டைக் கட்டுகின்றது. இவ்விதம் கிளை கிளையாகப் பிரிந்து பற்றை போலாகின்றது. கிளையின் நுனி ஓர் ஆண்டில் அரைச் சென்ரிமீற்றர் முதல் இரண்டரைச் சென்ரிமீற்றர் வரை நீளும்.

இந்த முருகை நடமாடாது. ஆகவே இரை அதனைத் தேடி வர வேண்டும். மேல் நீரில் பிறந்த நுண்ணுயிர்களும் அவற்றின் எச்சங்களும் கீழே வருகின்றன. கடலடியில் வேகமாகப் பாயும் நீரோட்டம் அவற்றைக் கொண்டு வந்து முருகையின் வாயருகே சேர்க்கின்றது. நீரோட்டம் இல்லாத இடத்தில் இந்த முருகை இல்லை என்றே கூறலாம்.

இன்னுமொரு தேவையும் உண்டு. முருகையின் குஞ்சு கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு உயிரி. அது சில வாரங்கள் நீரில் மிதந்து திரிந்த பின்னர் ஓரிடத்தில் பற்ற வேண்டும். சேற்றில் அது பற்றாது. ஒரு கல், ஒரு சிப்பி ஓடு, பழைய முருகைத் துண்டு ஆகியவற்றுள் ஏதாவதொரு வன்மையான அடித்தளம் வேண்டும். வட கடல்களில் பண்டைக் காலத்து மிதக்கும் பனிப்பாறைகள் உருகும்போது கீழே விழுத்திய கற்கள் பல முருகைத் திட்டுகளுக்கு முதற் கல்லாக அமைந்தன.

வரிச்சும் மண்ணும்

முருகைப் பற்றை எவ்வாறு குன்றாகின்றது? மண்வீடு கட்டிய அனுபவமுள்ளவர்களுக்கு இது விளங்குவது கடினமன்று.

நாம் மண்சுவர் எழுப்பும்போது முதலில் கம்பு நட்டு வரிச்சுக் கட்டுகின்றோம். பின்னர் இடைவெளிகளில் மண்ணை அப்புகின்றோம். வரிச்சில்லாத மண் மழைக்குச் சரிந்து விடும். மண் மூடாத வரிச்சைக் கறையான் அரித்து விழுத்தி விடும். இரண்டும் சேர்ந்தால் சுவர் நிற்கும்.

முருகைக் குன்றும் அவ்வாறே. முருகையின் கிளைகள் வரிச்சு. நீரோட்டம் கொண்டு வரும் நுண்ணிய சேறு மண். வேகமாக வரும் நீர் கிளைகளுக்கிடையே புகுந்ததும் வேகம் தணிகின்றது. சுமந்து வந்த சேற்றைக் கீழே விடுகின்றது. பனையோலை வேலியின் அடியில் காற்று மணலைக் குவிப்பது போன்றது இது. அடிக்கிளைகள் இறந்து சேற்றில் புதைகின்றன. நுனிக்கிளைகள் மேலே வளர்கின்றன. மீண்டும் சேறு சேர்கின்றது. இவ்விதம் குன்று உயர்கின்றது.

ஆகவே குன்றின் மிகப் பெரும் பகுதி உயிரற்றது. உயிருள்ள முருகை மேற்புறத்திலே மெல்லிய ஒரு படையாக மாத்திரமே உள்ளது. அந்தப் படை முந்திய தலைமுறைகளின் கூடுகளின் மேல் நிற்கின்றது. அவை உயர்த்திக் கொடுத்ததனால்தான் இன்றைய தலைமுறைக்கு நல்ல நீரோட்டம் கிடைக்கின்றது. மேட்டில் ஓடும் நீர் பள்ளத்தில் ஓடுவதிலும் வேகமானது, இரையும் அதிகம்.

இங்கு அளவு முக்கியமானது. சேறு அளவோடு வந்தால் குன்று உறுதிப்படும். சேறு வராவிட்டால் வெளியே நிற்கும் இறந்த கிளைகளைத் துளையிடும் கடற்பஞ்சுகளும் பிற உயிர்களும் கறையான் போல அரித்து நொறுக்கி விடும். சேறு மிகையாக வந்தால் முருகையின் வாயடைத்து மூச்சுத்திணறி இறந்து விடும்.

இக்கிளைகளிடையே யூனிசே எனப்படும் ஒரு புழுவும் வாழ்கின்றது. அது மெல்லிய குழாய் அமைத்து அதனுள் இருக்கும். முருகை அக்குழாயின் மேலும் சுண்ணாம்பைப் பூசி விடுகின்றது. அதனால் புழுவுக்குக் காவல் கிடைக்கின்றது. முருகைக்கோ தனித்தனியாக நின்ற கிளைகள் ஒன்றோடொன்று இணைந்து பலப்படுகின்றன. வரிச்சைக் கட்டும் கயிறு போன்றது அப்புழுவின் வேலை.

குன்றைத் துளைத்துப் பார்த்தவர்கள்

அயர்லாந்தின் தென்மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்தில், போர்க்குபைன் கடற்பள்ளம் என்றொரு பகுதி உண்டு. அங்கே முருகைக் குன்றுகள் கூட்டம் கூட்டமாக உள்ளன. ஒரு கூட்டத்துக்கு, அதனை ஆராய்ந்த பெல்ஜிய ஆய்வுக் கப்பலின் பெயரால் பெல்ஜிக்கா என்று பெயர். அக்கூட்டத்தைச் சேர்ந்ததே சலஞ்சர் குன்று. ஏறக்குறைய 800 மீற்றர் ஆழத்தில் உள்ள அக்குன்றின் உயரம் 155 மீற்றர். அதன் ஒரு பகுதி சுற்றியுள்ள சேற்றில் புதைந்துள்ளது.

இக்குன்றுகள் தோன்றிய காரணம் பற்றி 1990களில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேற்றுமை இருந்தது. நோர்வே விஞ்ஞானி மார்ட்டின் ஹோவ்லண்டும் வேறு சிலரும், கடலடியிலிருந்து கசியும் எரிவாயுவே இவற்றின் தோற்றத்துக்குக் காரணம் என்று கருதினர். அவ்வாயுவை உண்ணும் நுண்ணுயிர்களால் உணவுச் சங்கிலி தொடங்குகின்றது என்பது அவர்களது விளக்கம். மற்றோர் நீரோட்டமும் அது கொண்டு வரும் இரையுமே காரணம் என்றனர். எது சரி என்பதை அறிய ஒரே வழி குன்றின் அடிவரை துளையிட்டுப் பார்ப்பதுதான்.

2005ஆம் ஆண்டில் பல நாட்டு விஞ்ஞானிகள் ஜோய்டிஸ் ரெசலூசன் என்னும் துளையிடும் கப்பலில் அங்கே சென்றனர். கப்பலிலிருந்து குழாய்களை இறக்கி, குன்றின் உச்சியிலிருந்து அடிவரை துளைத்து, உருளை உருளையாக மாதிரிகளை மேலே எடுத்தனர். மேலிருந்து கீழ்வரை முருகைத் துண்டுகளும் சேறும் கலந்தே இருந்தன. அடியில் எரிவாயுக் கசிவு இக்குன்றைத் தொடக்கியதற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை. சலஞ்சர் குன்றைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு விடை கிடைத்தது.

அடுத்த கேள்வி வயது. இளைய முருகைத் துண்டின் வயதைக் காபன் முறையால் அளக்கலாம். ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அம்முறை உதவாது. அதனிலும் பழையதற்கு யுரேனியம் சிதைந்து தோரியமாக மாறும் அளவைக் கணிக்கின்றனர். அது சில இலட்சம் ஆண்டுகள் வரை உதவும். இன்னும் பழையதற்குச் சுண்ணாம்பிலுள்ள ஸ்ரோந்தியத்தையும், சேற்றில் பதிந்துள்ள பூமியின் பழைய காந்தத் திசைகளையும் நோக்குகின்றனர். இவற்றைக் கொண்டு சலஞ்சர் குன்றின் வயது ஏறக்குறைய 26 இலட்சம் ஆண்டுகள் எனக் கண்டனர். வட துருவப் பக்கத்து நாடுகளில் பெரும் பனிக்கட்டிக் காலங்கள் தொடங்கிய காலமும் அதுவே.

ஒரு சிறு கணக்கு

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

முருகைக் கிளை ஆண்டுக்கு 1 சென்ரிமீற்றர் வளர்கின்றது என்று வைப்போம். ஆயிரம் ஆண்டுகளில் 1,000 சென்ரிமீற்றர், அதாவது 10 மீற்றர் உயர வேண்டும்.

குன்றின் உயரம் 155 மீற்றர், அதாவது 15,500 சென்ரிமீற்றர். வயது 26 இலட்சம் ஆண்டுகள், அதாவது 2,600 ஆயிரம் ஆண்டுகள். வகுத்தால் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் மாத்திரமே வருகின்றது.

10 மீற்றர் எங்கே, 6 சென்ரிமீற்றர் எங்கே? மீதி எங்கே போயிற்று?

கிளைகள் முறிகின்றன, அரிக்கப்படுகின்றன, கரைகின்றன, சேற்றின் பாரத்தால் நெரிகின்றன என்பது ஒரு பகுதி விடை. ஆனால் பெரும் விடை வேறு. குன்று எப்போதும் வளர்ந்து கொண்டிருக்கவில்லை. நீண்ட காலங்கள் அது சும்மா கிடந்தது.

மாதிரிகள் இதனைத் தெளிவாகக் காட்டின. 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்து 17 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை குன்று ஓரளவு விரைவாக வளர்ந்தது. அதன் உயரத்தின் மிகப் பெரும் பகுதி அக்காலத்திலேயே எழுந்தது. பின்னர் ஒரு பெரும் இடைவெளி. ஏறக்குறைய 7 இலட்சம் ஆண்டுகளுக்குரிய படை அங்கே இல்லை. 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முருகை மீண்டும் அதே குன்றின் மேல் வளரத் தொடங்கியது. ஆனால் முன்னைய வேகம் இல்லை. இன்று சலஞ்சர் குன்றின் மேற்புறத்தில் பெரும்பாலும் இறந்த முருகைத் துண்டுகளே கிடக்கின்றன. அதே பெல்ஜிக்கா கூட்டத்தைச் சேர்ந்த கல்வே குன்றிலும் தெரேஸ் குன்றிலும் முருகை உயிரோடு செழித்திருக்கின்றது.

இதனோடு நோர்வேயின் சூலா முருகைத் திட்டை ஒப்பிடலாம். பனிக்கட்டிக் காலம் முடிந்த பின்னரே அது தோன்றியது. வயது ஏறக்குறைய 8,500 ஆண்டுகள். உயரம் சில இடங்களில் 30 மீற்றருக்கும் மேல். அதாவது காலம் கைகொடுத்தால் முருகை ஆயிரம் ஆண்டுகளில் சில மீற்றர் உயரக் கூடியது. சலஞ்சரின் 6 சென்ரிமீற்றர் என்பது, வளர்ந்த காலங்களையும் ஓய்ந்த காலங்களையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த சராசரியாகும்.

ஏன் ஓய்கின்றன?

அயர்லாந்துக் கடலில் இரு வகை நீர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. மத்தியதரைக் கடலின் உப்பு மிகுந்த நீர் ஜிப்ரோல்ரர் நீரிணை வழியாக வெளியேறி, வடக்கு நோக்கி ஆழத்தில் வருகின்றது. அதன் மேலே அத்திலாந்திக் நீர் உள்ளது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் மேலிருந்து விழும் இரை தங்கி நிற்கின்றது. அவ்வெல்லையில் எழும் உள்ளலைகள் அதனைக் குன்றுகளின் மேல் வீசுகின்றன. பனிக்கட்டிக் காலங்களில் இந்த ஒழுங்கு குலைந்தது. நீரோட்டம் தளர்ந்தது, குளிர் மிஞ்சியது, மிதக்கும் பனிப்பாறைகள் சேற்றைக் கொட்டின. முருகை அற்றுப் போயிற்று. வெப்பக் காலம் திரும்பியதும் தெற்கிலிருந்து குஞ்சுகள் நீரோட்டத்தில் வந்து பழைய குன்றுகளில் மீண்டும் பற்றின. கடைசிப் பனிக்கட்டிக் காலத்தின் பின்னர் ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு நிகழ்ந்தது.

ஆனால் எல்லாக் கடலுக்கும் இது பொருந்தாது. ஆபிரிக்காவின் மேற்குக் கரையில், மொரித்தானியா நாட்டுக்கு அப்பால், ஏறக்குறைய 400 கிலோமீற்றர் நீளத்துக்கு முருகைக் குன்றுத் தொடர் ஒன்று உள்ளது. சில குன்றுகள் 100 மீற்றர் உயரமுடையவை. அங்கே முருகை செழித்தது பனிக்கட்டிக் காலத்தில்தான். வெப்பக் காலம் வந்ததும் அந்நீரில் ஒட்சிசன் குறைந்தது. குன்றுகளின் வளர்ச்சி நின்றது. இன்று அங்கே உயிருள்ள முருகையைக் காண்பது அரிது. வடக்கே முருகை ஒதுங்கிய காலத்தில் தெற்கே வாழ்ந்தது. தெற்கே ஒதுங்கிய காலத்தில் வடக்கே வாழ்ந்தது. ஓரிடம் வறண்டபோது வேறோரிடம் விதை காத்தது என்று கூறலாம்.

வேறொரு முடிவும் உண்டு. போர்க்குபைன் கடற்பள்ளத்தின் வடபகுதியில் மகெலன் குன்றுகள் எனப்படுபவை ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. ஆனால் இன்று அவை அநேகமாக முழுவதும் சேற்றினுள் புதைந்துள்ளன. ஒலியலைகளைக் கடலடிக்கு அனுப்பி எதிரொலியைப் பதிந்தபோதே அவை இருப்பது தெரிந்தது. வந்த சேற்றுக்கு ஈடாக முருகையால் வளர முடியாமற் போனதால் குன்றுகள் மூடப்பட்டன.

ஆகவே குன்று ஓய்வதற்கான காரணங்களைச் சுருக்கமாகக் கூறுவதானால்:

1. நீரோட்டம் தளர்ந்து இரை குறைதல்.
2. நீரின் வெப்பநிலையோ ஒட்சிசனோ பொருந்தாமற் போதல்.
3. சேறு மிகுந்து மூடுதல்.
4. சேறு குறைந்து, வெளியே நிற்கும் கிளைகள் அரிக்கப்படுதல்.

ஓய்வு வேறு, அழிவு வேறு

மேற்கூறிய நான்கும் இயற்கையாக நிகழ்பவை. இவற்றுள் முதலிரண்டினாலும் குன்று ஓய்ந்தாலும் அடித்தளம் எஞ்சி நிற்கின்றது. நிலைமை திரும்பினால் வரும் குஞ்சுகள் பற்றுவதற்கு இடம் இருக்கின்றது. சலஞ்சர் குன்றில் 7 இலட்சம் ஆண்டு இடைவெளிக்குப் பின்னரும் முருகை திரும்பி வந்ததன் இரகசியம் இதுவே.

மனிதர் செய்வது வேறு வகையானது.

றோலர் என்ற சொல் வடபகுதி மக்களுக்குப் புதியதன்று. கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடி அடியிலுள்ள அனைத்தையும் கிழித்து இழுக்கும். இலங்கைப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டில் இத்தொழில் முறையைச் சட்டத்தால் தடை செய்தது. ஆழ்கடலில் இம்முறையைக் கையாளும் பெரும் கப்பல்களின் மடியின் வாயை விரித்து வைப்பதற்குப் பாரிய இரும்புப் பலகைகளும், அடியில் உருளைகளும் பொருத்தப்படுகின்றன. அவை முருகைத் திட்டின் மேல் ஒரு தடவை போனாலே வரிச்சு நொறுங்கித் தூளாகின்றது.

ஸ்கொத்லாந்தின் வடமேற்கே ஏறக்குறைய 185 கிலோமீற்றர் தூரத்தில், 1,000 மீற்றர் ஆழத்தில், 1998ஆம் ஆண்டில் டார்வின் குன்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவை சிறியவை, உயரம் 5 மீற்றர் வரை. கண்டுபிடித்த சில ஆண்டுகளுக்குள் அங்கே சென்று பார்த்தபோது இழுவை மடிகளின் தடங்களும் நொறுங்கிய முருகையும் தெரிந்தன. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐரோப்பிய ஆணைக்குழு அவசரத் தடை விதித்தது. 2004இல் அது நிரந்தரமாயிற்று. எட்டு ஆண்டுகளின் பின், 2011இல், விஞ்ஞானிகள் மீண்டும் சென்றனர். குறைவாகச் சேதமடைந்திருந்த மேற்குப் பகுதியில் முருகை உயிரோடு நின்றது. கடுமையாக நொறுக்கப்பட்ட கிழக்குப் பகுதியில் புதிய முருகை பற்றியதாகத் தெரியவில்லை. தடை நல்லதே, ஆனால் அது எஞ்சியிருந்ததைத்தான் காத்தது. போனதைத் திருப்பித் தரவில்லை.

நோர்வேயில் முதலில் குரல் கொடுத்தவர்களுள் மீனவர்களும் அடங்குவர். தூண்டிலாலும் நிலைவலையாலும் மீன் பிடித்தவர்கள், தாம் நன்கு அறிந்த இடங்களில் மீன் குறைந்து போனதையும், மடிகளில் முருகை வாரப்படுவதையும் கண்டனர். விஞ்ஞானிகள் அவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் தமது ஆய்வையும் சேர்த்து, நோர்வேயின் முருகைப் பரப்பில் 30 முதல் 50 சதவீதம் வரை சேதமடைந்தோ பாதிக்கப்பட்டோ உள்ளதாக 2002ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். அதற்கு முன்னரே, 1999இல், நோர்வே அரசு முருகையை வேண்டுமென்று அழிப்பதைத் தடுத்து, சூலாத் திட்டுக்குப் பாதுகாப்பு வழங்கியது. 2002இல் றோஸ்ட் என்னுமிடத்தில் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீளமான திட்டு கண்டுபிடிக்கப்பட்டது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் தனது கடல்களில் 800 மீற்றருக்குக் கீழே இழுவை மடியைத் தடை செய்தது.

அடித்தளத்தைக் கரைக்கும் நீர்

மடி போகாத இடத்துக்கும் ஓர் ஆபத்து வந்து கொண்டிருக்கின்றது. நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து வரும் காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சுகின்றது. அதனால் கடல் நீரின் அமிலத் தன்மை கூடுகின்றது. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது எலுமிச்சம் புளியைச் சுண்ணாம்பில் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடல் நீர் அவ்வளவு கடுமையானதன்று; ஆனால் ஆழத்திலும் குளிரிலும் சுண்ணாம்பு எளிதிற் கரையும். இந்த நூற்றாண்டின் முடிவில், இன்று அறியப்பட்ட குளிர்நீர் முருகைத் திட்டுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் சுண்ணாம்பைக் கரைக்கக் கூடிய நீரில் நிற்க நேரிடலாம் என 2006ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணித்தனர்.

ஆய்வுகூடத்தில் அத்தகைய நீரில் முருகையை ஓராண்டு வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிய வந்தது. உயிருள்ள முருகை தன் கூட்டைத் தொடர்ந்து கட்டியது. உயிர்த்தசை அதன் சுண்ணாம்பை மூடிக் காத்தது. ஆனால் மூடப்படாமல் நின்ற இறந்த கிளைகள் வலுவிழந்தன. மேலே பசுமையாகத் தெரியும்போதே கீழே வரிச்சு உளுத்துப் போகலாம் என்பது இதன் பொருள். ஆகவே குன்றின் நலத்தை அறிய மேற்புறத்தை மாத்திரம் பார்ப்பது போதாது.

அதே வேளையில், இன்னும் நாம் அறியாத குன்றுகள் எத்தனையோ உள்ளன. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 500 கிலோமீற்றர் நீளமும் 110 கிலோமீற்றர் வரை அகலமும் உள்ள பரப்பில் 83,908 முருகைக் குன்றுகளை எண்ணிக் காட்டியது. அறிந்தால்தான் காக்க முடியும்.

சுவீடன் நாட்டின் மேற்குக் கரையில் இன்னொரு முயற்சி நடைபெறுகின்றது. இழுவை மடியால் சேதமடைந்த திட்டுகளில் மடி நிறுத்தப்பட்டும் முருகை தானாகத் திரும்பவில்லை. எனவே முருகைக் குஞ்சுகள் பற்றுவதற்கென்று செயற்கை அடித்தளங்களைச் செய்து கடலில் இறக்கியுள்ளனர். மனிதர் முருகையை வளர்க்கவில்லை. அது கால் வைப்பதற்கு இடத்தைத் திருப்பிக் கொடுக்கின்றனர். அவ்வளவே.

நாம் சிந்திக்க

இந்த இதழை வாசிப்போரில் பெரும்பாலானோர் காணியை விட்டு வந்த விவசாயக் குடும்பங்கள். தூரத்துக் கடலின் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம்.

பல ஆண்டுகள் விதைக்காத வயலைப் பார்க்கப் போகும் கமக்காரன் பற்றையைக் கண்டு கலங்குவதில்லை. பற்றையை வெட்டலாம். வரம்பு இருக்கின்றதா, வாய்க்கால் தூர்ந்ததா, குளக்கட்டு நிற்கின்றதா, கிணற்றில் உப்பேறியதா என்றே அவன் பார்க்கின்றான். ஓய்ந்ததையும் அழிந்ததையும் பிரித்தறிவது அவனுக்குப் பழகிய கல்வி. ஆழ்கடல் விஞ்ஞானிகள் பெருஞ்செலவில் கேட்பதும் அதே கேள்விதான்: இது ஓய்ந்த குன்றா, அடித்தளம் போன குன்றா?

ஆனால் ஒப்புமையை மிஞ்ச விடக் கூடாது. முருகையால் 7 இலட்சம் ஆண்டுகள் காத்திருக்க முடியும். மனிதக் குடும்பத்தால் முடியாது. ஒரு போகம் தவறினாலே கடன். பிள்ளையின் படிப்பில் இரண்டு ஆண்டு தவறினாலே அது வாழ்நாள் இழப்பு. ஆகவே காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று இடம்பெயர்ந்தோரிடம் கூறுவது முறையன்று. காலம் தானாக எதையும் கட்டவில்லை என்பதையே இப்பாடமும் காட்டுகின்றது. நீரோட்டம் திரும்ப வேண்டும். பற்றுவதற்கு இடமும் இருக்க வேண்டும்.

நீரோட்டத்தைத் திருப்புவது நம் கையில் மாத்திரம் இல்லை. அடித்தளத்தில் ஒரு பகுதி நம் கையில் இருக்கின்றது. காணி உறுதியின் பிரதியைக் காப்பது, எல்லை அடையாளங்களையும் பங்காளிகளின் பெயர்களையும் எழுதி வைப்பது, ஊர் விதையினத்தை ஒரு சிறு பாத்தியிலாவது ஆண்டுதோறும் விதைத்து விதை எடுப்பது, எந்த வாய்க்காலில் எப்போது நீர் விடுவது என்பதை மூத்தோர் இளையோருக்குச் சொல்லி வைப்பது, கமக்காரர் அமைப்பின் கூட்டத்தை எங்கிருந்தாலும் கூட்டுவது ஆகிய யாவும் வரிச்சைக் காக்கும் வேலைகளே. வரிச்சு நிற்கும் வரை மண் அப்பலாம்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. வெப்பக் கடல் முருகைக்கும் குளிர்நீர் முருகைக்கும் உணவு கிடைக்கும் விதத்திலுள்ள வேறுபாடு யாது?

2. முருகைக் குன்று உயர்வதற்குக் கிளைகளும் சேறும் ஆகிய இரண்டும் ஏன் தேவை? ஒன்று குறைந்தால் என்ன நிகழும்?

3. ஒரு குன்றின் உயரம் 100 மீற்றர். வயது 5 இலட்சம் ஆண்டுகள். ஆயிரம் ஆண்டுகளுக்குச் சராசரியாக எவ்வளவு உயர்ந்துள்ளது? அது தொடர்ந்து வளர்ந்ததா, இடையிடையே ஓய்ந்ததா என்பதை அந்தச் சராசரி கூறுமா?

4. டார்வின் குன்றுகளின் மேற்குப் பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் 2011இல் காணப்பட்ட வேறுபாடு எதனை உணர்த்துகின்றது?

5. உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். அங்கே ஓய்ந்து கிடப்பவை எவை? அடித்தளமே போனவை எவை? இரண்டையும் தனித்தனியே பட்டியலிடுங்கள். இரண்டாவது பட்டியலில் உள்ளவற்றுக்கு யாரிடம் என்ன கோர வேண்டும் என்பதைக் கூடிப் பேசி எழுதி வையுங்கள்.